ஆறுதலாகப் போகும் உரிமை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எமது மக்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடும் கால்வாய் எங்கிருந்து வருகின்றது, எவ்வழியாகப் போகின்றது என்பதை அறிவீர்களா? வெள்ளவத்தைக்கு வடக்கே ஒரு கால்வாய் கடலிற் கலக்கின்றது. தெற்கே தெகிவளைப் பக்கத்தில் மற்றொன்று கலக்கின்றது. கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்தில் களனி கங்கை கடலைச் சேர்கின்றது. வழக்குரைஞர்கள் நாள்தோறும் கூடும் புதுக்கடைக்கு அணித்தே சென் செபஸ்தியன் கால்வாய் கிடக்கின்றது. இவற்றையெல்லாம் பாலத்தின்மேல் வாகனத்திலிருந்தவாறே, மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்கின்றோம். கரையைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டைதூரமேனும் போனவர் எம்மிற் சிலரே.

துவிச்சக்கர வண்டியில், ஆற்றங்கரையையும் வாய்க்காற்கரையையும் பற்றிக்கொண்டு, வயல்வெளிகளினூடே அவசரமின்றிப் பயணம் செய்வதைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம். அரசியல் வார ஏட்டில் இதற்கென்ன இடம் என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அவர்களுக்கு எமது விடை இதுதான்: நிலத்தைப் பற்றி ஓயாது பேசும் மக்கள், அந்த நிலத்தைக் கண்ணாற் பார்த்திருக்க வேண்டும். பொது வழி என்பது, அவ்வழியே போவோர் இருக்கும்வரைதான் பொது வழியாக நிலைக்கும். இவ்விரண்டு உண்மைகளையும் வேறெந்த ஊர்தியைக் காட்டிலும் தெளிவாக உணர்த்த வல்லது துவிச்சக்கர வண்டியே.

எமது வழக்கில் ‘ஆறுதல்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. துயருற்றவனைத் தேற்றுவது ஆறுதல். பதறாமல் மெல்லச் செல்வதும் ஆறுதல். “ஆறுதலாய்ப் போய் வா” என்று படலையடியில் நின்று வழியனுப்புவது எமது தாய்மாரின் பழக்கம். அந்த வாழ்த்தின்படி எமது மண்ணிற் போய்வர முடியாத காலம் ஒன்று நீண்டு கிடந்தது என்பதை எவர் மறப்பார்?

துவிச்சக்கர வண்டியை எமக்கு எவரும் புதிதாக அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறங்கியபோது, பெற்றோல் காணாமற்போன குடாநாட்டைச் சுமந்தது அதுவே. அரிசி மூடையும் விறகுக்கட்டும் அதன் கரியரிலேயே ஏறின. நோயாளியும் அதிலேயே ஏற்றப்பட்டான். மின்சாரமற்ற இரவுகளில், நிறுத்திவைத்த சைக்கிளின் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் வலுவில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனை! 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியபோது, குழந்தையை முன்னாலும் சட்டிபானையைப் பின்னாலும் கட்டிக்கொண்டு, ஏறி ஓட்டவும் இடமின்றி உருட்டிச் சென்ற வண்டியும் அதுவே. 2022ஆம் ஆண்டு கொழும்பு மாநகரத்திலேயே எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது, அலுவலக உத்தியோகத்தரும் அதனையே நாடினர். ஆக, இடர் வந்தபோதெல்லாம் நாம் சைக்கிளில் ஓடியிருக்கின்றோம். ஆனால் உலாவியதில்லை. ஓடுவதற்குப் பயன்பட்ட வண்டியை உலாவுவதற்குப் பயன்படுத்தும் காலத்தை நாமே உண்டாக்க வேண்டும்.

முதலிற் கொழும்பிலிருந்தே தொடங்குவோம். கொட்டாஞ்சேனையில் இருப்பவர் ஒரு ஞாயிறு காலை முகத்துவாரம், மட்டக்குளி வழியாகச் சென்று, களனி கங்கையைப் பாலத்தாற் கடப்பாராயின், வத்தளைப் பக்கத்தில் ஹமில்டன் கால்வாயை அடைவார். அது 1802ஆம் ஆண்டு வெட்டத் தொடங்கி 1804இல் முடிக்கப்பட்டது; அரசிறை அதிகாரியாயிருந்த கவின் ஹமில்டன் என்பாரின் பெயரைத் தாங்கியது; 14 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. அக்கால்வாயை ஒட்டியும் சற்று விலகியும் செல்லும் சிறு வீதிகளைப் பிடித்தால், ஏற்றமென்ற சொல்லே இல்லாமல் நீர்கொழும்புக் களப்பு வரை செல்லலாம். மேற்கே கடல், கிழக்கே முத்துராஜவெலச் சதுப்பு, நடுவே வள்ளங்களும் வலைகளும் தென்னைகளும்.

அந்தச் சதுப்பு நிலத்தின் வரலாறு எமது கமக்காரர் அறியவேண்டிய ஒன்று. முன்னொரு காலத்தில் அது நெல் விளைந்த பூமி. போக்குவரத்துக்கென வெட்டப்பட்ட கால்வாய்களின் வழியே களப்பின் உப்புநீர் உள்ளே ஏறியதால் வயல்கள் கைவிடப்பட்டன என்று வரலாறு கூறுகின்றது. ஒல்லாந்தர் அதனை மீட்க முயன்று தோற்றனர். உப்புநீரை வடித்துவிடும் நோக்குடன் ஆங்கிலேயர் ஹமில்டன் கால்வாயை வெட்டினர். அதன் பின்னரும் சதுப்பு சதுப்பாகவே இருக்கின்றது. நீரின் போக்கை அறியாது வெட்டிய ஒரு வாய்க்கால், தலைமுறை தலைமுறையாக விளைந்த நிலத்தை உவராக்கிவிடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா? கட்டுநாயக்க விரைவுப் பாதையில் பறப்பவர் இந்தச் சதுப்பைச் சில நிமிடத்திற் கடந்துவிடுவார். அவர் எதனைக் கண்டார்? மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் மிதித்துச் செல்பவனுக்கே நீரின் நிறமும் நெடியும் புல்லின் வகையும் பாடஞ் சொல்லும்.

வெள்ளவத்தையில் இருப்பவருக்கு வேறொரு வழியுண்டு. காலி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பிக் கிருலப்பனைப் பக்கமாகவும், நாரஹேன்பிட்டி, நாவலைப் பக்கமாகவும் சென்றால், மாநகரத்தின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் கால்வாய்களையும் தாழ்நிலங்களையும் காணலாம். இத்தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென 1968ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஒரு சபையே அமைக்கப்பட்டது. ‘மீட்பது’ என்பதற்கு அக்காலத்தில் மண்ணிட்டு மூடுவது என்பதே பொருள். மூடியதன் பலனை 2010ஆம் ஆண்டு நவம்பரிற் கண்டோம். அன்று பெய்த மழையில் பாராளுமன்றமே வெள்ளத்தாற் சூழப்பட்டது. அதன் பின்னரே உலக வங்கியின் கடனோடு கால்வாய்கள் தூர்வாரப்பட்டன, கரைகள் கட்டப்பட்டன, சில இடங்களில் நடைபாதைகளும் தோன்றின. 2018ஆம் ஆண்டு, ஈரநிலங்களைப் பேணும் நகரமென்ற ராம்சார் அங்கீகாரமும் கொழும்புக்குக் கிடைத்தது. பெருமைதான். ஆனால் நடைபாதை ஒரு பாலத்துக்கும் அடுத்த பாலத்துக்கும் இடையே தொடங்கி முடிந்துவிடுகின்றது. ஒரு மதிலோ, ஒரு பட்டறையோ, ஒரு குப்பைமேடோ வழியை மறிக்கின்றது. துண்டு துண்டாகக் கிடப்பதை வழியென்று எவ்வாறு சொல்வது?

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்டவர் ஒல்லாந்தர். அவர்களுடைய தளபதி ஹுல்ப்ற் என்பவரின் பெயரையே புதுக்கடை ஆங்கிலத்தில் இன்றும் தாங்கி நிற்கின்றது. கால்வாய் வெட்டும் கலையை அவர்கள் இங்கும் காட்டினர். தம் நாட்டிலும் காட்டினர். அங்கே கரையில் நின்று குதிரையும் மனிதனும் கயிறுகட்டிப் படகை இழுத்த பாதைகள், புகையிரதமும் இயந்திரப் படகும் வந்தபின் வேலையற்றுக் கிடந்தன. இன்று அவற்றிற் பல, துவிச்சக்கர வண்டிகளின் பாதைகள். அந்நாட்டில் வண்டிக்கெனவே தனியே அமைந்த பாதை ஏறத்தாழ 35,000 கிலோமீற்றர் என்பர். அது வானத்திலிருந்து விழுந்ததன்று. 1971ஆம் ஆண்டில் அந்நாட்டின் தெருக்களில் 3,300 பேரளவில் மாண்டனர். அவருள் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். அரசாங்கம் பணிந்தது. அங்கே சைக்கிட்பாதை மக்கள் இயக்கம் ஒன்றின் வெற்றி என்பதை எமது அரசியல் தொண்டர்கள் கவனிப்பார்களாக!

பிரான்சு நாட்டில் 1681ஆம் ஆண்டு முடிக்கப்பட்ட மிடிக் கால்வாய் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல்வரை 240 கிலோமீற்றர் ஓடுகின்றது. சரக்குப் படகுகள் மறைந்தபின் அதன் கரையில் உலகெங்கிலுமிருந்து வருவோர் மிதித்துச் செல்கின்றனர். கரையோரக் கிராமங்கள் அதனாற் பிழைக்கின்றன. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு ஊர்கள் சோர்ந்திருந்த வேளையில், 1995ஆம் ஆண்டு ஓர் எளிய ஏற்பாடு தோன்றியது. கிராமப் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் இலக்கம். ஒவ்வொரு பலகையிலும் அடுத்த சந்திகளின் இலக்கம். அவ்வளவே! பயணி தான் போகவேண்டிய இலக்கங்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு புறப்பட்டுவிடுவான். புதிய பெருந்தெரு வேண்டியிருக்கவில்லை. பலகையும் வர்ணமும் போதுமாயிருந்தன. ஏழை நாடு பின்பற்றக்கூடாத செலவு இதில் என்ன இருக்கின்றது?

இனி எமது வயல்நிலங்களுக்கு வருவோம். கொழும்பின் கால்வாய்கள் பயிற்சிக் களமே; உண்மையான சமவெளி வடக்கிலும் கிழக்கிலும் விரிந்து கிடக்கின்றது. கனகராயன் ஆற்றை மறித்து 1902ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்திலிருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் பிரிந்து கிளிநொச்சி வயல்களை நனைக்கின்றன. அருவியாற்றின் தேக்கம் அணையிலிருந்து வரும் நீர் மன்னாரின் கட்டுக்கரைக் குளத்தை நிரப்புகின்றது. மட்டக்களப்பிலோ, வாவியின் மேற்கே, சூரியன் படும் திசையிலுள்ள படுவான்கரை, உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் நீருண்டு கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பாயாக விரிந்திருக்கின்றது. பெருவாய்க்கால்களின் கரையிலே நீர்ப்பாசன உத்தியோகத்தரும் கமக்காரரும் போய்வர மண்பாதை உண்டு. உழவு இயந்திரம் போகும், மாடு போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சைக்கிளிற் போவர். போகாதவர், கொழும்பில் இருக்கும் அந்நிலத்தின் சொந்தக்காரரே!

இதனை நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கொழும்பிலே எழுதப்படும் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். “கிழக்கெல்லை வாய்க்கால், வடக்கெல்லை ஒழுங்கை” என்று அட்டவணையில் அழகாக எழுதப்பட்டிருக்கும். கையொப்பமிடும் வைத்தியரோ கணக்காளரோ அந்த வாய்க்காலைக் கண்டிரார். அதில் நீர் எப்போது திறக்கப்படும், எப்போது நிறுத்தப்படும் என்றும் அறியார். குத்தகைக் கமக்காரன் தொலைபேசியில் “இந்தமுறை தண்ணீர் காணாது” என்றால், அதன் பொருளை அவரால் அளக்க முடியாது. பெருந்தெருவால் ஊருக்குப் போகும்போது அவர் காண்பது கடைகளையும் விளம்பரப் பலகைகளையுமே. படித்தவனுக்கும் பயிரிடுவோனுக்கும் இடையே இவ்வாறு விழுந்திருக்கும் பள்ளம், எமது சமூகத்தின் பெரும் பலவீனம். மேடைப்பேச்சால் அப்பள்ளம் நிரம்பாது. வரம்பில் சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு, மதகடியில் நின்று ஒரு மணிநேரம் பேசினால் ஓரளவு நிரம்பும்.

சட்டம் என்ன கூறுகின்றது? 1946ஆம் ஆண்டு 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் நீர்ப்பாசன வாய்க்கால்களுக்குச் சேதம் விளைவிப்பதைத் தடைசெய்கின்றது. 1947ஆம் ஆண்டு 8ஆம் இலக்க அரசகாணிக் கட்டளைச்சட்டம், ஆறு, ஓடை, வாய்க்கால் ஆகியவற்றின் கரைகளை ஒதுக்குக் காணியாக வைத்துக் காக்க வழிசெய்கின்றது. தனியாருக்கிடையே பத்தாண்டு ஆட்சியால் உரித்து வழங்கும் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அரசகாணிக்குச் செல்லாது. எத்தனை ஆண்டு ஆண்டாலும் ஒதுக்குக் காணி தனியாருடையதாகாது. ஏட்டிலே எல்லாம் செம்மையாகத்தான் இருக்கின்றது. ஆயின் கதியால் நகரும் கலையை எமது கமக்காரருக்கு நாமா சொல்லிக்கொடுக்க வேண்டும்? ஆண்டுக்கு ஒரு முழம் நகர்ந்தால் எவரும் காணார். பத்தாண்டில் கரை மறையும், இருபதாண்டில் வீடு எழும்பும், அதன் பின்னர் “இங்கே எப்போது ஐயா வழி இருந்தது?” என்று கேட்பார்கள். வழி இருந்ததற்குச் சாட்சி, அவ்வழியாற் போனவர்களே. ஞாயிறுதோறும் இருபது பேர் சைக்கிளிற் போகும் கரையில் கதியால் நகர அஞ்சும். ஆதலின், அவர்கள் விளையாட்டாகச் சென்றாலும் பொதுச்சொத்துக்குக் காவலாளிகளாகின்றனர்.

இதற்கு மாறாகச் சொல்லப்படக்கூடிய நியாயங்களையும் ஆராய்தல் எமது கடமை.

முதலாவது, இது வயிறு நிறைந்தவரின் பொழுதுபோக்கு என்பார்கள். அறுவடை விலை கிடையாது கமக்காரன் தவிக்கும்போது உலாப் போவதா என்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் கமக்காரனின் துயரை அறியாதிருப்பதனால் அது குறைந்துவிடுமா? உரம் வராமல், நீர் வராமல் வயல் சிவந்து கிடப்பதைப் பத்திரிகையிற் படிப்பது வேறு. இருமருங்கும் அது கிடக்க நடுவே மிதித்துச் செல்வது வேறு. மேலும், சைக்கிளில் வருபவனுக்குப் பசிக்கும், தாகமெடுக்கும். அவன் இளநீரும் மோரும் வாங்குவான், இரவு தங்குவான், வயற்கரையில் ஒரு கைப்பிடி பணம் விட்டுச் செல்வான். சொகுசு வண்டியில் வருபவன் அதனை நகரத்து உல்லாச விடுதியிலேயே விட்டுவிடுகின்றான்.

இரண்டாவது, கமத்தொழிலுக்கு இடைஞ்சலாகும் என்பார்கள். இதனை நாம் முழுமனதோடு ஏற்கின்றோம். வாய்க்காற்கரை முதலில் நீருக்குரியது, அடுத்துக் கமக்காரனுக்குரியது, அதன்பின்னரே பயணிக்குரியது. மழையில் நனைந்து இளகிய கரையிற் சக்கரம் உருட்டலாகாது. கார்த்திகை, மார்கழி மழையில் வான்பாயும் குளங்களின் கரையில் எவருக்கும் வேலையில்லை. 2018ஆம் ஆண்டு டிசம்பரிற் கிளிநொச்சி வெள்ளத்தில் மூழ்கியதை நினைவிற்கொள்க. பாதையில் நெல் காயப்போட்டிருந்தால் இறங்கி உருட்டிச் செல்லவேண்டும். மதகுக் கதவைத் தொடலாகாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களிற் பாதையை விட்டு ஓர் அடியும் இறங்கலாகாது. கமக்காரனைக் காட்சிப்பொருளாக்கிப் படமெடுக்கும் பயணி எமக்கு வேண்டாம். அவனது வேலையை மறிக்காமல் வணக்கம் சொல்லிக் கடக்கும் பயணியே வேண்டும்.

மூன்றாவது, சுற்றுலா என்ற பெயரிற் கரையோரக் காணிகளைப் பெருமுதலாளிகள் வளைத்துவிடுவார்கள் என்பார்கள். இந்த அச்சமே எல்லாவற்றிலும் வலுவானது. அதனாற்றான் இவ்வழிகள் ஒதுக்குக் காணியாகவே இருத்தல் வேண்டும், ஒரு பேர்ச் நிலமும் குத்தகைக்கு விடப்படலாகாது என்று தொடக்கத்திலேயே வலியுறுத்துகின்றோம். எதைத் திறப்பது, எப்போது மூடுவது என்பதை அவ்விடத்துக் கமக்காரர் அமைப்புகள் போகத்துக்கு முன் கூடும் கூட்டத்திலேயே தீர்மானிக்கட்டும். கொழும்பிலிருந்து வரும் சுற்றுநிருபம் தீர்மானிக்க வேண்டாம்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளோட்டவும் கற்பித்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றனர். தண்ணீருக்கும் சந்தைக்கும் கணவனையோ பேருந்தையோ எதிர்பாராது போய்வந்தனர். யாழ்ப்பாணத்துப் பெண்கள் இதில் முன்னோடிகள். பாடசாலைக்கும் பணிமனைக்கும் நெடுங்காலமாகவே மிதித்துச் சென்றவர்கள். அதே பெண்கள் கொழும்புக்கு வந்ததும் சைக்கிளை மறந்ததேன்? காலி வீதியில் பேருந்துகளுக்கிடையே உயிரைப் பணயம் வைக்க எவருக்கும் மனம் வராது. வாகனமற்ற கால்வாய்க்கரையொன்று பாலம் தவறாமல் தொடர்ந்திருந்தால், வெள்ளவத்தைத் தாயொருத்தி தன் பிள்ளையோடு அச்சமின்றிப் புறப்படுவாள்.

ஆகவே நாம் கேட்பது பெருந்திட்டமன்று. கொழும்பின் கால்வாய்க்கரைகளில் அறுந்து கிடக்கும் துண்டுகள் இணைக்கப்படவேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் வாய்க்கால் ஒதுக்குக் காணிகள் அளக்கப்பட்டு, எல்லைக்கல் நாட்டப்படவேண்டும். சந்திகளில் இலக்கப் பலகைகள், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி எழுதப்பட்டு நிறுத்தப்படவேண்டும். வடக்குக்கும் மட்டக்களப்புக்கும் செல்லும் புகையிரதங்களில் சைக்கிளுக்கென ஒழுங்கான இடம் ஒதுக்கப்படவேண்டும். இவை நான்கும் ஒரு பெருந்தெருவின் சில கிலோமீற்றர் செலவில் முடியக்கூடியவை.

அரசாங்கம் செய்யும்வரை கைகட்டி இருக்கலாமா? கூடாது. கொட்டாஞ்சேனை இளைஞர் ஹமில்டன் கரையைத் தொடங்கட்டும். வெள்ளவத்தை இளைஞர் கிருலப்பனைக் கரையைத் தொடங்கட்டும். எங்கே வழி மறிக்கப்பட்டிருக்கின்றது என்பதைக் குறித்துக்கொண்டு, மாநகரசபைக்கு எழுதட்டும். பழக்கம் ஏற்பட்டபின், தைப்பொங்கலை அடுத்து மழை ஓய்ந்து கதிர் முற்றும் நாட்களில், புகையிரதத்தில் கிளிநொச்சிக்கோ மட்டக்களப்புக்கோ சென்று, அங்கே ஒரு சைக்கிளை இரவலாக வாங்கி, தம் பாட்டன் வெட்டிய வரம்பைத் தேடிப் போகட்டும். வழியிற் காணும் கமக்காரரிடம் இந்த ஆண்டு வாய்க்காலில் நீர் எம்மட்டு வந்தது என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்குரிய விடையைத் தெரிந்துகொண்டு கொழும்புக்குத் திரும்புபவன், எமது நிலத்தைப் பற்றிப் பேசத் தகுதி பெற்றவனாவான்.